வரலாற்று வாத்தியார் ஏன் தூதரானார்? பெருவின் ராவுல் போராஸ் பாரெனெச்சேயா

பெரு நாட்டின் 20 சோல் நோட்டில் 1990களின் தொடக்கத்திலிருந்து 2022ல் புதிய நோட்டு வரும்வரை ஒரு வாத்தியாரின் படம் இருந்தது. பணத்தாளில் வழக்கமாக இடம்பிடிப்பவர்கள் ஜனாதிபதிகளும் தளபதிகளும். இவரோ பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் வரலாறு நடத்தியவர். பெயர் ராவுல் போராஸ் பாரெனெச்சேயா. அந்த நோட்டின் முதல் வடிவத்தைத் திருப்பிப் பார்த்தால் லிமா நகரத்தின் தோரே தாக்லே மாளிகை இருக்கும். பெருவின் வெளியுறவு அமைச்சகம் இயங்கும் பழைய காலனியக் கட்டடம் அது.

பாடம் நடத்துகிறவருக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் என்ன சம்பந்தம்? தென் அமெரிக்காவைப் பற்றி முதல்முறையாகப் படிக்கிறவர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம். அந்தக் கண்டத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். சிலியின் தியேகோ பாரோஸ் அரானா 16 தொகுதிகளில் தன் நாட்டு வரலாற்றை எழுதியவர், நாட்டின் முதன்மையான கல்வி நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர், அர்ஜென்டினாவோடு எல்லைப் பேச்சு நடத்தியவரும் அவரே. பிரேசிலின் ரியோ பிராங்கோ பிரபு இளமையில் கொஞ்ச காலம் வரலாறு கற்பித்தார். பின்னால் 1902 முதல் 1912ல் இறக்கும்வரை அந்நாட்டின் வெளியுறவு அமைச்சர். இந்த வேலைகள் திரும்பத் திரும்ப ஒரே ஆளிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு சட்டக் கொள்கை பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை முதலில் பார்த்துவிட்டு போராஸிடம் வருவோம்.

ராஜா போனார், காகிதம் மிஞ்சியது

ஸ்பெயின் தன் அமெரிக்க நிலங்களைச் சுமார் 300 ஆண்டுகள் ஆண்டது. வைஸ்ராய், உயர் நீதிமன்றம், ஆளுநர், ஆயர் என்று அதிகாரம் அடுக்கடுக்காக இருந்தது. ஒரு மாகாணத்தில் நீதி ஒருவர் கையில், படை இன்னொருவர் கையில், கோயில் மூன்றாமவர் கையில் என்றெல்லாம் இருக்கும். எல்லாமே ஒரே ராஜாவுக்குச் சொந்தம் என்பதால் ஒரு பகுதி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

1810ல் தொடங்கிய விடுதலைப் போர்கள் 1824 டிசம்பரில் அயகூச்சோ சண்டையோடு கிட்டத்தட்ட முடிவுக்கு வந்தன. ராஜா போய்விட்டார். அவர் காலத்து மங்கலான நிர்வாகக் கோடுகள் தனித்தனி நாடுகளின் எல்லைகளாகிவிட்டன. புதிய நாடுகளின் தலைவர்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பெயர் உட்டி பொசிடெட்டிஸ். ‘உங்கள் வசம் இருப்பது உங்கள் வசமே இருக்கட்டும்’ என்று ரோமானியர்கள் சொத்து வழக்குகளில் சொன்ன தொடர் அது. தென் அமெரிக்காவில் அதற்குக் கொடுத்த பொருள் இதுதான்: 1810ல் எந்த நிலம் எந்த மாகாணத்துக்கு உரியது என்று ஸ்பெயின் ராஜாவின் ஆணைகள் சொல்கின்றனவோ, அந்த நிலம் அந்த மாகாணத்திலிருந்து உருவான நாட்டுக்கு.

இதில் இரண்டு லாபம். அண்ணன் தம்பிகள் எல்லைக்காக அடித்துக்கொள்ள வேண்டியதில்லை, அல்லது குறைவாக அடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, பிரிட்டனோ பிரான்ஸோ வந்து ‘இந்தக் காட்டில் யாரும் இல்லை, இது ஆளில்லாத நிலம், எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்ல முடியாது. எந்த அதிகாரியும் கால் வைக்காத காடாக இருந்தாலும் காகிதத்தில் அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அந்தக் காட்டிலேயே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த பழங்குடி மக்களை இந்த விதியை வகுத்தவர்கள் யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

நம்மூர் நில வழக்கை நினைத்துக்கொண்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். ஒருவர் மூலப்பத்திரத்தை நீட்டுவார். எதிராளி ‘நாங்கள்தானே இத்தனை வருஷமாக உழுது பயிர் வைக்கிறோம்’ என்று அனுபவ பாத்தியதையைச் சொல்வார். ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் தங்களுக்குள் பேசும்போது மூலப்பத்திரம் கேட்டன. போர்ச்சுகீசிய மொழி பேசும் பிரேசில் அனுபவத்தைக் காட்டியது. 1750ல் மாட்ரிட் உடன்படிக்கையில் போர்ச்சுகலும் ஸ்பெயினும், புதிய நிலங்களைத் தங்களுக்குள் பங்கிட 1494ல் வரைந்துகொண்ட எல்லைக்கோட்டைத் தள்ளிவைத்துவிட்டு, யார் எங்கே உண்மையில் குடியேறியிருக்கிறார்களோ அது அவர்களுக்கு என்று ஒப்புக்கொண்டிருந்தன. பிரேசில் அந்த வழியை விடவே இல்லை. அதன் பரப்பளவு ஏன் அவ்வளவு பெரியது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

சரி, மூலப்பத்திரம் தெளிவாக இருந்தால் வம்பே இல்லை. எங்கே தெளிவாக இருந்தது?

1802ன் ஓர் அரசாணை

பெருவுக்கும் ஈக்வடாருக்கும் நடந்த தகராறு இதற்கு நல்ல உதாரணம். அமேசானின் மேற்குப் பக்கத்தில் மாய்னாஸ் என்றொரு பகுதி. 18ஆம் நூற்றாண்டில் அது பொகோட்டாவைத் தலைநகராகக் கொண்ட நியூவா கிரனாடா வைஸ்ராயின் கீழ், கீட்டோ நகரத்தைச் சார்ந்து இருந்தது. அங்கே ஆளுநராக இருந்த பிரான்சிஸ்கோ ரெகேனா என்பவர், இந்த இடத்தை பொகோட்டாவிலிருந்து கவனிக்க முடியாது, லிமாவோடு சேர்ப்பதுதான் சரி என்று பரிந்துரைத்தார். அதன்படி 1802 ஜூலை 15ல் ராஜா ஓர் ஆணை போட்டார்: மாய்னாஸ் இனி லிமா வைஸ்ராயின் கீழ். கூடவே அங்கே ஒரு புதிய ஆயர் மாவட்டமும்.

விடுதலைக்குப் பிறகு லிமா பெருவின் தலைநகரம், கீட்டோ ஈக்வடாரின் தலைநகரம். பெரு சொன்னது: ஆணை 1802ல் வந்தது, கணக்கு பார்க்கும் ஆண்டு 1810, ஆகவே மாய்னாஸ் எங்களுடையது. ஈக்வடாரின் பதில்: அந்த ஆணை படைப் பொறுப்பையும் சமயப் பொறுப்பையும்தான் மாற்றியது, நிலத்தை மாற்றவில்லை, போதாததற்கு 1829ல் நாம் வேறு உடன்படிக்கை போட்டிருக்கிறோம்.

ஒரு ராஜாவின் எழுத்தர் எழுதிய சில பத்திகளை எப்படி வாசிப்பது என்பதில் ஒரு பெரிய காடே தொங்கிக்கொண்டிருந்தது. 1887ல் இரு நாடுகளும் வழக்கை ஸ்பெயின் ராஜாவிடமே கொண்டுபோனார்கள். உங்கள் முன்னோர் என்ன நினைத்து எழுதினார் என்று நீங்களே சொல்லுங்கள் என்கிற மாதிரி. தீர்ப்பு வெளிவரும் முன்பே போர் மூளும் நிலை வரவே, 1910ல் ராஜா அல்போன்சோ நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார். 1941ல் உண்மையாகவே போர் வந்தது, 1942ல் ரியோ டி ஜெனிரோவில் உடன்படிக்கை ஆனது, அதுவும் முழுதாக ஆறவில்லை. 1995ல் மறுபடி சண்டை. 1998 அக்டோபர் 26ல் பிரேசிலியாவில் கையெழுத்தானபோதுதான் கதை முடிந்தது.

இந்த மாதிரி வழக்கில் வாதாட யார் தேவை? சட்டம் தெரிந்தவர் மட்டும் போதாது. 1802ன் அரசு எழுத்தர் ஒரு சொல்லை எந்தப் பொருளில் போடுவார், அந்த ஆணை உண்மையில் நடைமுறைக்கு வந்ததா, ஸ்பெயினின் செவில் நகரத்து ஆவணக் காப்பகத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கடிதங்கள் என்ன சொல்கின்றன என்று தெரிந்த ஆள் வேண்டும். அதாவது வரலாற்றாய்வாளர். தென் அமெரிக்க வெளியுறவு அமைச்சகங்கள் அவர்களைத் தேடிப் பிடித்ததற்கு அறிவின் மீதான மரியாதை மட்டும் காரணமில்லை. வேறு வழியில்லை.

பழைய காகிதம் மட்டும்தான் சிக்கல் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1881ல் சிலியும் அர்ஜென்டினாவும் புத்தம்புதிதாக எழுதிக்கொண்ட உடன்படிக்கை, ஆண்டீஸ் மலையில் ‘நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்கள்’ வழியாக எல்லை போகும் என்றது. தெற்கே பட்டகோனியாவில் உயர்ந்த சிகரங்கள் ஒரு பக்கம், நீரைப் பிரிக்கும் மேடு இன்னொரு பக்கம்! அர்ஜென்டினா சிகரத்தைப் பிடித்துக்கொண்டது. நீர்ப்பிரிவையே பிடித்துக்கொண்டவர் மேலே சொன்ன பாரோஸ் அரானா. 1902ல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் நடுவில் ஒரு கோடு போட்டுத் தீர்த்துவைத்தார்.

வகுப்பில் சொன்னது புத்தகமானது

போராஸ் 1897 மார்ச் 23ல் பெருவின் கடலோர ஊரான பிஸ்கோவில் பிறந்தார். தாய்வழித் தாத்தா ஹோசே அந்தோனியோ பாரெனெச்சேயா 19ஆம் நூற்றாண்டில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். எனவே தோரே தாக்லே மாளிகை அந்தக் குடும்பத்துக்கு அந்நியமான இடமில்லை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர், லிமாவில் வளர்ந்து, 1551ல் நிறுவப்பட்ட சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1921ல் பெருவின் விடுதலைக்கு நூறாண்டு நிறையவிருந்தது. அதை முன்னிட்டு 1919ல் சில மாணவர்கள் கூடி, விடுதலைக் காலத்தைப் பற்றி ஆய்வுரைகள் நிகழ்த்தினார்கள். போராஸ் பேசியது லாரிவா என்ற கிண்டல் எழுத்தாளரைப் பற்றி. அந்தக் குழுவில் இன்னும் இரண்டு பெயர்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: ஹோர்கே பசாத்ரே, லூயிஸ் அல்பெர்தோ சாஞ்சேஸ். முன்னவர் பெருக் குடியரசின் வரலாற்றை எழுதிய பெரிய அறிஞரானார். பின்னவர் இலக்கிய வரலாற்றாசிரியராகி, நாட்டின் துணை ஜனாதிபதியாகவும் ஆனார். ஒரு தலைமுறையே அந்த அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

இளம் போராஸுக்குக் கிடைத்த வேலை வெளியுறவு அமைச்சகத்தின் நூலகத்தில். 1920களின் பிற்பாதியில் அதே அமைச்சகத்தின் எல்லை ஆவணக் காப்பகத்துக்குத் தலைவரானார். எல்லை தொடர்பான காகிதங்களுக்கென்றே தனியாக ஒரு காப்பகம் வைத்திருந்தார்கள் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சம்பளம் போதாமலோ, கற்பிக்கும் ஆசையாலோ, இரண்டாலுமோ அதே காலத்தில் லிமாவின் பள்ளிகளிலும் வகுப்பு எடுத்தார். 1926ல் ‘பெருவின் எல்லைகளின் வரலாறு’ என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அது லிமாவின் ஆங்கிலோ பெருவியன் பள்ளி மாணவர்களுக்கு அவர் வகுப்பில் சொல்லி எழுதவைத்த பாடம். பகலில் காப்பகத்தில் பார்க்கும் காகிதம் அப்படியே பள்ளிப் பாடமாகிறது, பாடம் புத்தகமாகிறது, புத்தகத்தை அமைச்சகத்து ஆட்கள் புரட்டுகிறார்கள். வரலாறு, பாடம், தூதுப் பணி மூன்றும் அவரிடம் எப்படிக் கலந்திருந்தன என்று காட்ட இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அந்த ஆண்டுகளில் பெருவை ஆட்டிப்படைத்த பிரச்சினை தாக்னா, அரிகா என்ற இரு தெற்கு மாகாணங்கள். இது ராஜா காலத்துக் காகிதச் சண்டை இல்லை. 1879ல் தொடங்கிய போரில் சிலி அவற்றைப் பிடித்தது. 1883ன் அன்கோன் உடன்படிக்கைப்படி பத்தாண்டு கழித்து அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். பத்து நாற்பதாகியும் நடக்கவில்லை. 1925ல் அமெரிக்காவின் மேற்பார்வையில் நடத்தப் பார்த்தார்கள். முதலில் வந்த ஜெனரல் பெர்ஷிங் கைவிட்டுப் போனார், அடுத்து வந்த ஜெனரல் லாசிட்டர் 1926ல் நேர்மையான வாக்கெடுப்பு இங்கே சாத்தியமே இல்லை என்று அறிவித்தார். பெருவின் தரப்புக்காக உழைத்தவர்களில் போராஸும் ஒருவர். கடைசியில் 1929ல் பேசி முடித்தார்கள்: தாக்னா பெருவுக்கு, அரிகா சிலிக்கு, கூடவே சிலி 60 லட்சம் டாலர் கொடுத்தது.

எல்லைப் பாடத்தைப் பற்றி எனக்கு ஒரு நெருடல் உண்டு. அரசின் காப்பகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசின் எல்லை வரலாற்றை எழுதுகிறவர் எவ்வளவு தூரம் நடுநிலையாக இருக்க முடியும்? வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்குச் சாதகமான பத்திரத்தைத் தேடுவார். ஆய்வாளர் எல்லாப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும். தென் அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்கள் பல தலைமுறைகளாக ‘நாம் இழந்த நிலம்’ என்ற பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. ஈக்வடாரில் 1998 வரை அதிகாரபூர்வ நாட்டுப்படங்களில் தங்கள் நாடு அமேசான் ஆறுவரை நீண்டிருக்கும். நடுவில் ‘ரியோ உடன்படிக்கைக் கோடு’ என்று ஒரு கோடு ஓடும். பெருவின் குழந்தைகள் வேறொரு படத்தைப் பார்த்து வளர்ந்தார்கள். இரண்டு பக்கமும் படம் வரைய உதவியவர்கள் படித்தவர்கள்தான்.

யார் எழுதியது, யாருக்காக எழுதியது

போராஸின் ஆய்வுப் புகழ் நின்றது எல்லையில் இல்லை; அதற்கு முந்தைய காலத்தில். 1532 நவம்பர் 16ல் பிரான்சிஸ்கோ பிசாரோ கஹாமார்கா ஊரில் இன்கா மன்னர் அதாவால்பாவைப் பிடித்தார். அதைத் தொடர்ந்த காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் ‘குரோனிஸ்தாக்கள்’ எழுதிவைத்தவை. படைவீரர்கள், எழுத்தர்கள், பாதிரியார்கள், கலப்பினத்தவர்கள், உள்ளூர்ப் பிரபுக்கள் என்று பல வகைக் குறிப்பாளர்கள் இவர்கள்.

இந்தக் குறிப்புகளை முதல்முறை படிக்கிறவர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது. ஐந்து நூல் ஒன்றைச் சொன்னால் அது உண்மை என்று முடிவுகட்டிவிடுவார்கள். நான்கு பேர் ஐந்தாமவரைப் பார்த்து எழுதியிருந்தால்? போராஸ் இவர்களைக் காலவாரியாகவும் சார்புவாரியாகவும் பிரித்தார். படையெடுப்பை நேரில் கண்டவர்கள் ஒரு பக்கம். பிறகு ஸ்பானியர்களுக்குள் நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தவர்கள். பிறகு 1569 முதல் 1581 வரை வைஸ்ராயாக இருந்த பிரான்சிஸ்கோ தொலேதோவின் காலத்துக்கு முன், அவர் காலம், அவருக்குப் பின். தொலேதோ ஏன் மைல்கல்? இன்காக்கள் கொடுங்கோலர்கள், நாட்டைப் பறித்துக்கொண்டவர்கள் என்று காட்டுவது அவருக்குத் தேவைப்பட்டது; அப்போதுதான் அவர்களிடமிருந்து ஸ்பெயின் பறித்தது நியாயமாகும். அவர் சொல்லி 1572ல் சர்மியெந்தோ தே காம்போவா எழுதிய இன்கா வரலாற்றை இந்தப் பின்னணி தெரியாமல் படித்தால் ஏமாந்துபோவோம்.

1534ல் செவில் நகரத்தில் இரண்டு சிறு நூல்கள் சில மாத இடைவெளியில் அச்சாயின. ஏப்ரலில் வந்ததில் ஆசிரியர் பெயரே இல்லை. ஜூலையில் வந்தது பிசாரோவின் செயலாளர் பிரான்சிஸ்கோ தே ஹெரெஸ் எழுதியது. தலைப்பிலேயே ‘உண்மையான’ என்ற சொல்லைப் போட்டுக்கொண்டது. அப்படியென்றால் ஏப்ரல் நூலை எழுதியவர் யார்? பெருவிலிருந்து பொன்னோடு முதலில் செவில் திரும்பிய கப்பலில் வந்த படைத்தலைவர் கிறிஸ்தோபால் தே மேனா என்று 1930களில் போராஸ் வாதிட்டார். இன்று அந்த நூலை மேனாவின் பெயரிலேயே பெரும்பாலோர் குறிப்பிடுகிறார்கள். அந்த 1930களில் போராஸ் ஐரோப்பாவில் இருந்தார். படையெடுப்பின் ஆரம்பக்கட்டக் குறிப்புகளைத் தொகுத்து 1937ல் பாரிஸில் ஒரு நூலாக வெளியிட்டார். தூதுப் பணிக்காகப் போன இடத்தில் காப்பகங்களைத் துழாவுவது அவர் வழக்கம். எது வேலை, எது ஆர்வம் என்று பிரிக்க முடியாது.

இன்னொரு கண்டுபிடிப்பு. பெருவின் முதல் பெரிய எழுத்தாளர் என்று சொல்லத்தக்க இன்கா கார்சிலாசோ, ஸ்பானியத் தந்தைக்கும் இன்கா இளவரசிக்கும் 1539ல் குஸ்கோவில் பிறந்தவர். இளமையில் ஸ்பெயின் போய் அங்கேயே தங்கிவிட்டார். 1561 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் அந்தலூசியாவின் மொந்தியா என்ற சிற்றூரில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பது மங்கலாகவே இருந்தது. போராஸ் அந்த ஊர்க் கோயில் பதிவேடுகளையும் பத்திரங்களையும் தோண்டி, 1955ல் ஒரு புத்தகமாகக் கொண்டுவந்தார். ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றது, பணம் கொடுக்கல் வாங்கல் என்று சின்னச் சின்னக் காகிதங்களிலிருந்து ஒரு மனிதரை மீட்டெடுக்கும் வேலை.

ஆனால் இதே கண்ணுக்கு ஒரு காகிதம் மட்டும் அகப்படவே இல்லை. ஃபெலிப்பே குவாமான் போமா என்ற பழங்குடிக் குறிப்பாளர் 1615 வாக்கில் ஸ்பெயின் மன்னருக்குச் சுமார் 1,200 பக்கத்தில் ஒரு நூல் எழுதினார். அதில் கிட்டத்தட்ட 400 படங்கள். ஸ்பானிய ஆட்சியின் கொடுமைகளை வரைந்தே காட்டியிருக்கிறார். 1908ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1936ல் பாரிஸில் அச்சானது. 1948ல் போராஸ் இவரைப் பற்றி எழுதியபோது, இந்த நூலில் அவர் பார்த்தது பெரும்பாலும் மனக்குழப்பத்தைத்தான். ஸ்பானிய இலக்கணம் தடுமாறுகிறது, ஆண்டுகள் ஒத்துவரவில்லை, இன்கா மரபும் பைபிளும் கலந்துகிடக்கின்றன என்று அலுத்துக்கொண்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதே கலவையைப் பொறுமையாக அவிழ்த்து, ஆண்டீஸ் மக்களின் பார்வைக்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை என்று காட்டினார்கள். யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று ஸ்பானியரிடம் அவ்வளவு நுட்பமாகக் கேட்ட ஒருவர், ஆண்டீஸ் மக்களின் கெச்சுவா மொழியில் சிந்தித்தவரிடம் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. போராஸ் ஸ்பானிய மரபில் ஊறியவர். பிசாரோ மீது அவருக்குப் பரிவு அதிகம். அது அவருடைய பலமும்கூட, குறையும்கூட.

கோலினா தெரு வீடு

வாத்தியார் என்ற முகத்தை விட்டுவிடக் கூடாது. 1920களின் இறுதியிலிருந்து சான் மார்கோஸில் கற்பித்தார். அவருடைய விரிவுரைகளுக்குக் கூட்டம் கூடும். லிமாவின் மிராப்லோரெஸ் பகுதியில் கோலினா தெருவில் இருந்த அவர் வீடு, மாலை வேளைகளில் இன்னொரு வகுப்பறை. மாணவர்கள் அங்கேயே உட்கார்ந்து அவருடைய நூல்களைப் படித்து, அட்டைகளில் குறிப்பெடுப்பார்கள். பின்னாளில் பெயர்பெற்ற பாப்லோ மசேரா, கார்லோஸ் அரானிபார் போன்ற வரலாற்றாய்வாளர்கள் அங்கிருந்து வந்தவர்கள்.

அந்த மேசையில் 1950களின் நடுவில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு பையன் மாரியோ வர்காஸ் யோசா. 2010ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். பழைய குறிப்பாளர்களைப் படித்து, அமேசான் பெண் வீரர்கள், பொன் நகரம் மாதிரியான புராணக் கதைகள் எங்கெங்கே வருகின்றன என்று அட்டை போடுவது அவர் வேலை. போராஸின் வகுப்பைக் கேட்டு, இலக்கியத்தை விட்டு வரலாற்றுக்கே போய்விடலாமா என்று யோசித்ததாகப் பின்னால் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். நாவலாசிரியராகப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைத்திருக்காது. அந்தக் குறிப்பாளர்கள் பாதி நாவலாசிரியர்கள்தானே.

இந்த அட்டைகளெல்லாம் எதற்கு? போராஸ் படையெடுப்பின் பெரிய வரலாறு ஒன்றை எழுதத் திட்டமிட்டிருந்தார். பிசாரோவின் முழு வாழ்க்கை வரலாறும் அதில் அடக்கம். பதவிகள் குறுக்கே வந்துகொண்டே இருந்தன. பிசாரோ நூல் அவர் இறந்து 18 ஆண்டு கழித்து, விட்டுப்போன பக்கங்களைத் திரட்டி 1978ல்தான் வெளிவந்தது. மூன்று வேலையும் ஒரே ஆள் பார்ப்பதற்கு இதுதான் விலை. அவர் ஒழுங்காக வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்று எனக்குப் பல முறை தோன்றியதுண்டு.

சான் ஹோசேயில் கையெழுத்து

1948ல் ஸ்பெயினுக்குத் தூதர். 1956ல் லிமாவிலிருந்து செனட்டுக்குத் தேர்வானார், அடுத்த ஆண்டே அவைத் தலைவர். 1958 ஏப்ரலில் ஜனாதிபதி மானுவேல் பிராதோவின் அரசில் வெளியுறவு அமைச்சர். தாத்தா உட்கார்ந்த நாற்காலி.

1959ல் கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். 1960 ஜூலையில் அமெரிக்கா கியூபாவின் சர்க்கரைக் கொள்முதலை வெட்டியது, சோவியத் தலைவர் குருஷேவ் கியூபாவுக்கு ஆதரவாக ஏவுகணைகளைப் பற்றிப் பேசினார். அமெரிக்க நாடுகள் அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் ஆகஸ்டில் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசே நகரத்தில் கூடினார்கள். கூட்டத்தைக் கூட்டச் சொன்னதே பெரு அரசுதான். கண்டத்துக்கு வெளியிலிருந்து வரும் தலையீட்டைக் கண்டிக்கும் ஒரு பிரகடனம் தயாரானது. கியூபாவின் பெயர் அதில் நேரடியாக இல்லாவிட்டாலும் குறி அதன் மேல்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

போராஸ் இடதுசாரி இல்லை. பிசாரோவைப் போற்றிய மரபுவாதி. ஆனாலும், லத்தீன் அமெரிக்க நாடுகளின் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை ஒரு சகோதர நாட்டைத் தனிமைப்படுத்தித் தீர்க்கக் கூடாது என்று அவர் பேசினார். லிமாவிலிருந்து வந்த உத்தரவு வேறு. அவர் பிரகடனத்தில் கையெழுத்துப் போடவில்லை. பெருவின் சார்பில் தூதுக்குழுவின் இன்னொரு உறுப்பினர் போட்டார். வெனிசுவேலாவின் வெளியுறவு அமைச்சர் இக்னாசியோ லூயிஸ் அர்காயாவும் அப்படியே மறுத்து ஒதுங்கினார்.

ஏன் இப்படிச் செய்தார் என்பதற்குப் பலரும் பல விளக்கம் தரலாம். நான் கவனிப்பது 1930ல் அவர் தொகுத்த ஒரு நூலை. விடுதலைப் போர்களின் தலைவர் சிமோன் பொலிவார் 1826ல் கூட்டிய பனாமா மாநாட்டின் ஆவணங்கள் அவை. புதிய நாடுகள் ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டும், எல்லைகளை மதிக்க வேண்டும், வெளியார் தலையீட்டைச் சேர்ந்து எதிர்க்க வேண்டும் என்ற பேச்சு முதலில் சேர்ந்து எழுந்த இடம் அது. உட்டி பொசிடெட்டிஸ் கொள்கையும் இதே மரபின் பிள்ளை. அந்தக் காகிதங்களை இளமையில் பக்கம் பக்கமாகப் படி எடுத்தவர், அறுபது வயதுக்கு மேல் ஒரு மேசையில் உட்கார்ந்து அவற்றுக்கு மாறாகக் கையெழுத்திடத் தயங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

லிமா திரும்பியதும் பதவியை விட்டார். இதய நோய் ஏற்கெனவே இருந்தது. 1960 செப்டம்பர் 27ல் கோலினா தெரு வீட்டில் இறந்தார், வயது 63. அந்த ஆண்டு முடியும் முன்பே பெரு கியூபாவுடன் உறவை முறித்துக்கொண்டது. 1962 ஜனவரியில் அமெரிக்க நாடுகள் அமைப்பிலிருந்து கியூபா ஒதுக்கிவைக்கப்பட்டது. அவர் பேச்சு எதையும் தடுக்கவில்லை. அவருடைய நூல்கள் பெருவின் தேசிய நூலகத்துக்குப் போயின. வீடு இன்று சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் அவர் பெயரில் இயங்கும் ஆய்வு நிறுவனம். 2022ன் புதிய 20 சோல் நோட்டில் அவர் இடத்துக்கு வந்தவர், கெச்சுவா மொழியோடு வளர்ந்த எழுத்தாளர் ஹோசே மரியா அர்கேதாஸ். எல்லா நோட்டுகளின் படங்களையும் மாற்றிய திட்டத்தின் பகுதிதான் இது. குவாமான் போமா விவகாரம் தெரிந்தவர்கள் மட்டும் சற்றுச் சிரித்துக்கொள்ளலாம்.

கொள்கை எங்கே போனது

உட்டி பொசிடெட்டிஸ் தென் அமெரிக்காவோடு நிற்கவில்லை. 1964ல் ஆப்பிரிக்க நாடுகள் கெய்ரோவில் கூடி, விடுதலையின்போது இருந்த காலனிய எல்லைகளை அப்படியே மதிப்பது என்று முடிவெடுத்தன. 1986ல் புர்கினா ஃபாசோவுக்கும் மாலிக்கும் இடையிலான வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதை ஒரு பொது விதியாகவே ஏற்றுக்கொண்டு, ஸ்பானிய அமெரிக்காவில்தான் இது முதலில் பயன்பட்டது என்றும் குறிப்பிட்டது. அங்கே ராஜாவின் ஆணைகளுக்குப் பதிலாகப் பிரெஞ்சு ஆளுநர்களின் ஆணைகளும் பழைய வரைபடங்களும் மேசைக்கு வந்தன.

போராஸ் இளமையில் உழைத்த தாக்னா, அரிகா விவகாரத்துக்கும் ஒரு வால் இருக்கிறது. 1929 உடன்படிக்கைப்படி நில எல்லை கடலைத் தொடும் இடம் எது என்பதில் பெருவும் சிலியும் ஒத்துப்போகவில்லை. யூத்தா ஆற்றுப் பாலத்திலிருந்து 10 கிலோமீட்டர் ஆரத்தில் வில்லாக வளைந்து கடலில் இறங்கும் கோடுதான் எல்லை என்கிறது பெரு. 1930ல் நட்ட முதல் எல்லைக் கல்லிலிருந்து நேராக மேற்கே போகும் கோடு என்கிறது சிலி. 2014 ஜனவரி 27ல் சர்வதேச நீதிமன்றம் இரு நாடுகளின் கடல் எல்லையை முடிவுசெய்தபோது, அந்த முதல் கல்லின் நேர்கோட்டையே தொடக்கமாக எடுத்துக்கொண்டது. நிலத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை. அதனால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே சுமார் 3.7 ஹெக்டேர் மணல் முக்கோணம் இன்னும் இருவர் கணக்கிலும் இருக்கிறது. கேட்டால் இரு தரப்பும் எடுத்துக்காட்டுவது 1929, 1930ன் அதே காகிதங்களைத்தான்.